வால் தொரான்ஸ் முதல் ஜெனீவா விமான நிலையம் வரை: தனி வண்டி ஏற்பாடு செய்ய முழுமையான வழிகாட்டி

பிரெஞ்சு ஆல்ப்ஸின் பனிச்சறுக்கு ஊரான வால் தொரான்ஸிலிருந்து சுவிட்சர்லாந்தின் ஜெனீவா விமான நிலையம் சுமார் 160 கிலோமீட்டர். செவ்வாய்க்கிழமை கிளம்பினால் மூன்று மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். பிப்ரவரி மாதச் சனிக்கிழமை என்றால் அதே தூரத்துக்கு ஐந்து மணி நேரம் ஆனாலும் கேட்பதற்கு ஆளில்லை. ஓட்டுநரோடு முன்பதிவு செய்யும் தனி வண்டிக்குப் பல நூறு யூரோ கொடுத்தும் விமானத்தைத் தவறவிடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காதவர்கள்தான். ஆகவே வண்டி, விலை, வசதி எல்லாவற்றுக்கும் முன்னால் நாளையும் நேரத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். கூர்ஷவெல், மெரிபெல், லா பிளாஞ், லெஸ் ஆர்க், தீஞ், வால் திசேர் ஆகிய பக்கத்துப் பனிச்சறுக்கு ஊர்களுக்குப் போகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

சனிக்கிழமை ஏன் இப்படி ஆகிறது

பிரான்சின் பனிச்சறுக்கு ஊர்களில் தங்கும் இடங்கள் பெரும்பாலும் சனி முதல் சனி வரை என்ற கணக்கில் வாடகைக்குப் போகின்றன. காலை 10 மணிக்குச் சாவியைக் கொடுத்தாக வேண்டும். அன்று மாலையே அடுத்த கூட்டம் வந்து இறங்கும். அதாவது ஒரே நாளில் மலை முழுவதும் காலியாகி மறுபடியும் நிரம்புகிறது.

இத்தனை பேருக்கும் இருப்பது ஒரே சாலை. மேலே சொன்ன ஊர்கள் எல்லாமே தாரான்தேஸ் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவை. எங்கிருந்து இறங்கினாலும் மூத்தியே ஊருக்கு வந்து, அங்கிருந்து என் 90 நெடுஞ்சாலை வழியாக ஆல்பர்வில் போக வேண்டும். 1992 குளிர்கால ஒலிம்பிக் ஆல்பர்வில்லில் நடந்தபோது இந்தச் சாலையை அகலப்படுத்தினார்கள். அது இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசமாக இருந்திருக்கும். ஆனாலும் பெரிய பள்ளத்தாக்கு ஒன்றின் போக்குவரத்து மொத்தமும் ஒரு ஆற்றங்கரைச் சாலையில்தான் நகர்கிறது. ஒரு பாறை விழுந்தாலும் மாற்று வழி சொல்லும்படி இல்லை. 2025 பிப்ரவரி தொடக்கத்தில் மூத்தியேவுக்கும் ஆல்பர்வில்லுக்கும் இடையே பாறை சரிந்து சாலை மூடப்பட்டது. அதுவும் ஒரு சனிக்கிழமை. 2014 டிசம்பர் 27 அன்று பனி கொட்டியபோது இந்த ஊர்கள் இருக்கும் சவுவா மாவட்டச் சாலைகளில் சுமார் 15,000 வாகனங்கள் சிக்கின. வந்தவர்கள் இரவை அவசர முகாம்களில் கழித்தார்கள். அதுவும் சனிக்கிழமைதான்.

பிரான்சின் பள்ளிகள் ஏ, பி, சி என மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, குளிர்கால விடுமுறை பிப்ரவரியிலும் மார்ச் தொடக்கத்திலுமாகத் தள்ளித் தள்ளி வருகிறது. நடுவில் இருக்கும் சனிக்கிழமைகளில் ஒரு மண்டலத்தார் இறங்க, இன்னொரு மண்டலத்தார் ஏற, பிரிட்டன் பள்ளிகளின் அரைப்பருவ விடுமுறைக்காரர்களும் அதே நேரத்தில் வந்து சேர்கிறார்கள். பிரெஞ்சு அரசின் போக்குவரத்து முன்னறிவிப்பான பிஸோன் ஃப்யூதே ஒவ்வொரு நாளுக்கும் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று நிறம் கொடுக்கும். ஆண்டு முழுமைக்குமான நாட்காட்டி முன்கூட்டியே வெளியாகிவிடுகிறது. விமானச் சீட்டு வாங்கும் முன் அதை ஒரு தடவை பாருங்கள். சவுவா இருக்கும் வட்டாரத்துக்குச் சிவப்பு என்றால் கீழே சொல்லும் நேரக் கணக்கில் தாராளமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

முதலில் விமான நிலையம், பிறகு விமானம்

வால் தொரான்ஸுக்கு மிக அருகில் இருப்பது ஷாம்பெரி, ஏறக்குறைய 120 கிலோமீட்டர். சிறிய நிலையம். குளிர்கால வார இறுதிகளில்தான் அதிக விமானங்கள் வரும். ஏரிக்கரையில், மலைகளுக்கு நடுவே இருப்பதால் மூடுபனியும் மோசமான வானிலையும் இருக்கும் நாட்களில் விமானங்களை லியோனுக்கோ கிரெனோபிலுக்கோ திருப்பிவிடுவது அங்கே புதிதல்ல. லியோன் சான்-எக்சுபெரி 190 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் ஆல்பர்வில் தாண்டியதும் வழி முழுக்க மோட்டார்வே, எல்லைக் கடப்பும் கிடையாது. சென்னைக்கோ கொழும்புக்கோ துபாய் வழியாகப் பறக்கிறவர்கள் லியோனையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஜெனீவாவின் பலம் அங்கிருந்து கிடைக்கும் விமானங்களின் எண்ணிக்கை. லண்டன்காரர்கள் பெரும்பாலும் அதையே பிடிப்பதற்குக் காரணமும் அதுதான்.

வண்டியே வேண்டாம் என்பவர்களுக்கு மூத்தியேவில் ரயில் நிலையம் இருக்கிறது. பாரிஸ் போகிற குடும்பம், பருவகால வார இறுதிகளில் ஓடும் தெஷெவே அதிவேக ரயிலைப் பிடித்தால் நெரிசல் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. மூத்தியே வரை இறங்க மட்டும் பேருந்தோ டாக்சியோ போதும். பாரிஸ்வாசிகள் எதற்காக ஜெனீவா வரை தனி வண்டி பிடிக்கிறார்கள் என்பது எனக்குப் புரியாத விஷயம்.

ஜெனீவாதான் என்று முடிவானால், சனிக்கிழமை விமானங்களில் மாலை நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். காலை விமானம் மலிவாகத் தெரியும். அதற்கு அதிகாலை மூன்று மணிக்கு, பனி உறைந்த கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டியிருக்கும். இன்னொரு வழி, ஞாயிறு முதல் ஞாயிறு வரை வாடகைக்குத் தரும் இடத்தைத் தேடுவது. அப்படிப்பட்ட இடங்கள் இப்போது கிடைக்கின்றன. அதுவும் முடியாவிட்டால் வெள்ளி இரவே இறங்கி, ஜெனீவா போகும் வழியிலுள்ள அன்சி ஏரிக்கரையில் ஒரு ராத்திரி தங்குங்கள். கைக்குழந்தையோ வயதானவர்களோ கூட இருந்தால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

விமானம் புறப்படும் நேரத்தை வைத்துக் கணக்குப் போடுவது தவறில்லை. ஆனால் உங்கள் உண்மையான கெடு பெட்டிகளை வாங்கும் கவுன்டர் மூடும் நேரம். அது விமான நிறுவனத்தைப் பொறுத்து புறப்பாட்டுக்கு 40 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை முன்னதாக இருக்கும். ஸ்கீ (பனிச்சறுக்குப் பலகை) பைகளுக்குத் தனி வரிசை, தனி பெல்ட். குளிர்காலச் சனிக்கிழமையில் அந்த வரிசை நீளும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சனிக்கிழமை மாலை 3 மணிக்கு லண்டன் விமானம். கவுன்டர் 2 மணிக்கே மூடிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி வரிசை, பாதுகாப்புச் சோதனை, பாஸ்போர்ட் வரிசை எல்லாவற்றுக்குமாக 12.30க்கு ஏர்போர்ட் வாசலில் இருக்க வேண்டும். நெரிசல் நாளில் சாலைக்கு நாலரை மணி நேரம். ஆக, காலை 8 மணிக்கு வண்டி நகர வேண்டும். பனி கொட்டும் என்று முன்னறிவிப்பு வந்திருந்தால் 7 மணி. இதே விமானம் புதன்கிழமை என்றால் 9.15க்குக் கிளம்பினாலே போதும்.

வண்டி நிறுவனங்கள் தாங்களாகவே கிளம்பும் நேரத்தைச் சொல்வார்கள். சனிக்கிழமைக்கு அவர்கள் சொல்லும் நேரம் அநியாயமாகத் தோன்றும். விமானத்துக்கு ஆறு, ஏழு மணி நேரம் முன்னால் என்பார்கள். பேரம் பேசாதீர்கள். தாமதமாகக் கிளம்ப வேண்டும் என்று நீங்கள் வற்புறுத்தினால் பலர் ஒத்துக்கொள்வார்கள், கூடவே "விமானம் தவறினால் எங்களுக்குப் பொறுப்பில்லை" என்று எழுத்தில் வாங்கிக்கொள்வார்கள். வாடிக்கையாளர் கேட்டதால் நேரம் மாறியது என்று தெரிந்தால், பிறகு பயணக் காப்பீட்டு நிறுவனமும் கைவிரிக்க அது ஒரு சாக்கு.

காப்பீட்டைப் பற்றிச் சொல்லும்போதே ஒன்று. "புறப்பாட்டைத் தவறவிடுதல்" என்ற பிரிவு உங்கள் பாலிசியில் இருக்கிறதா, அது திரும்பும் பயணத்துக்கும் பொருந்துமா என்று பாருங்கள். சில பாலிசிகளில் வீட்டிலிருந்து கிளம்பும் பயணத்துக்கு மட்டும்தான் அது உண்டு. சாலை மூடப்பட்டால் வண்டிக்காரர் கட்டணத்தைத் திருப்பித் தருவார், மிஞ்சிப்போனால் வேறு நேரத்துக்கு மாற்றித் தருவார். புது விமானச் சீட்டு வாங்கித் தர மாட்டார்.

எந்த வண்டி, என்ன விலை

தனி வண்டிக்கு ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கில்லை, வண்டிக்கு இவ்வளவு என்பதுதான். அதனால் ஆறு, ஏழு, எட்டுப் பேர் இருந்தால் கட்டுப்படியாகும். இருவர் மட்டும் போவதாக இருந்தால், வார நாளில், பகிர்வு வேனோ பேருந்தோ போதும். தனி வண்டி வெறும் ஆடம்பரம். தாரான்தேஸ் ஊர்களிலிருந்து ஜெனீவாவுக்கு எட்டுப் பேர் வேன் ஒன்றுக்கு 300 யூரோவிலிருந்து 600 யூரோ வரை கேட்பதைப் பார்க்கலாம். சனிக்கிழமைக்கும் பள்ளி விடுமுறைக்கும் தனி விலை. டோல், குழந்தை இருக்கை, ஸ்கீ பை, இரவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்ததா என்று கேட்டுவிட்டு ஒப்பிடுங்கள். மலிவான விலைக்குக் கீழே இவை வரிசையாக ஒளிந்திருக்கும்.

"எட்டு இருக்கை" என்ற சொல்லை நம்பி எட்டுப் பேர் ஏறாதீர்கள். டிரைவரோடு ஒன்பது பேர் உட்காரும் வேனில் எட்டுப் பேரும் உட்கார்ந்த பிறகு பின்னால் மிஞ்சுவது கொஞ்ச இடம்தான். எட்டு ஸ்கீ பை, எட்டு பூட்ஸ் பை, எட்டுப் பெட்டி என்றால் நீளமான உடலுள்ள வேனோ, பின்னால் இழுவைப் பெட்டியோ, கூரைப் பெட்டியோ வேண்டும். ஸ்கீயை அங்கேயே வாடகைக்கு எடுத்தவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. இரண்டிலொன்று எதுவானாலும் பதிவின்போதே எண்ணிக்கையைச் சொல்லிவிடுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் இரண்டு நாட்டுச் சட்டமும் பொருந்தும். பிரான்சில் 10 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வயதுக்கேற்ற இருக்கை. சுவிட்சர்லாந்தில் 12 வயது வரை, அல்லது 150 சென்டிமீட்டர் உயரம் எட்டும் வரை. வண்டி கடைசிப் பகுதியில் சுவிஸ் சாலையில்தான் ஓடும் என்பதால் கடுமையான விதியையே பின்பற்றுங்கள். வயதை மட்டும் சொல்லாமல் எடையையும் உயரத்தையும் எழுதி அனுப்பினால் சரியான இருக்கை வரும்.

உரிமம் உள்ள வண்டியா என்று பார்ப்பது

பருவகாலத்தில் உரிமமில்லாமல் ஓட்டுகிறவர்கள் ஆல்ப்ஸ் முழுக்க இருக்கிறார்கள். பிடிபட்டால் அபராதம் அவருக்கு. நடுச்சாலையில் பெட்டியோடு நிற்பது நீங்கள். விபத்து நடந்தால் காப்பீடும் கேள்விக்குறி. பிரான்சில் முன்பதிவில் ஓடும் இந்த வகை வண்டிக்கு வி.டி.சி. என்று பெயர். கண்ணாடியில் சிவப்பு வில்லை ஒட்டியிருக்கும், ஓட்டுநரிடம் தொழில் அட்டை இருக்கும், முன்பதிவுக்கான சான்றை அவர் கையில் வைத்திருக்க வேண்டும். கூரையில் விளக்குள்ள டாக்சி வேறு வகை. சற்றுப் பெரிய நிறுவனங்கள் பயணிகள் போக்குவரத்து உரிமத்தில் ஓட்டுகின்றன. எதுவானாலும் நிறுவனத்தின் பதிவு எண்ணோடு ரசீது வருகிறதா என்று பாருங்கள். ரொக்கம் மட்டும் வாங்குவேன், ரசீது கிடையாது, "யாராவது கேட்டால் நண்பர் என்று சொல்லுங்கள்" என்பவரை விட்டுவிடுங்கள்.

டயரையும் கேட்கலாம். 2021 நவம்பர் முதல் பிரான்சின் மலைப் பகுதிகளில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்கால டயரோ பனிச் சங்கிலியோ கட்டாயம். 2024 நவம்பரிலிருந்து, மலையும் பனித்துகளும் சேர்ந்த சின்னம் உள்ள டயர் மட்டுமே குளிர்கால டயராகச் செல்லும். நல்ல நிறுவனத்துக்கு இந்தக் கேள்வி வேடிக்கையாக இருக்கும். பரவாயில்லை, பதில் வரும் தோரணையே போதும்.

பதிவின்போது கொடுக்க வேண்டிய விவரம்

விமான எண்ணும் புறப்படும் நேரமும் முதலில். தங்கும் கட்டடத்தின் முழுப் பெயர் அடுத்தது. வால் தொரான்ஸ் 2,300 மீட்டர் உயரத்தில் நெருக்கமாகக் கட்டப்பட்ட ஊர். கார் நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டது. நினைத்த இடத்தில் நிறுத்திக் காத்திருக்க முடியாது. வேன் உங்கள் வாசலுக்கே வருமா, பக்கத்து நிறுத்தத்துக்குப் பெட்டிகளைத் தூக்கிப் போக வேண்டுமா என்று கேளுங்கள். முன்பதிவு நிறுவனம் வாடகை முகவரிடமிருந்து "மலைக்காட்சி குடியிருப்பு, 3ஆம் மாடி" என்ற மாதிரி முகவரி வாங்கிவைத்திருந்தால் டிரைவர் தடுமாறுவார். வரைபடத்தில் புள்ளியை வைத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். நாட்டுக் குறியீட்டோடு மொபைல் எண், பயணிகள், குழந்தைகள், பைகள் எண்ணிக்கை. ரத்துக்கான விதி என்ன, காத்திருப்புக் கட்டணம் எப்போதிலிருந்து என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பயணத்துக்கு முந்தைய நாள் டிரைவரின் எண்ணோடு உறுதிச் செய்தி வர வேண்டும். மாலை வரை வராவிட்டால் நீங்களே கூப்பிடுங்கள்.

வெள்ளி மாலை

வாடகை ஸ்கீயை வெள்ளி மாலையே கடையில் திருப்பிக் கொடுங்கள். சனி காலை அந்தக் கடை வாசலில் நிற்கும் வரிசை, விமானத்தைத் தவறவிட நல்ல வழி. குடியிருப்பைச் சுத்தம் செய்து சாவி ஒப்படைப்பது எப்போது என்றும் பேசிவிடுங்கள். 8 மணிக்குக் கிளம்புகிறவருக்காக அலுவலகம் திறந்திருக்காது, சாவிப் பெட்டி எங்கே என்று கேட்டுவையுங்கள்.

பெட்டி கட்டும்போது ஒரு விஷயம்: ஈரமான ஜாக்கெட்டும் கையுறையும் வந்தபோது இருந்ததைவிட எடை கூடும். விமானத்தில் 20 கிலோவுக்குக் கட்டியவர் கவுன்டரில் அபராதம் கட்டுவது இதனால்தான். ராத்திரியே ஹீட்டர் மேல் காயப்போடுங்கள். சூடேற்றும் சாக்ஸின் லித்தியம் பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில்தான் போக வேண்டும். பனிச்சரிவிலிருந்து காக்கும் காற்றுப் பை வைத்திருப்பவர்கள் அதன் வாயு உருளைக்கு விமான நிறுவனத்திடம் முன் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். பாஸ்போர்ட்டையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லையில் கேட்டால், ஸ்கீ பைகளுக்கு அடியில் இருக்கும் பெட்டியைத் தோண்ட முடியாது.

வழியில்

வேன் வந்ததும் பத்து நிமிடத்துக்குள் ஏறிவிடுங்கள். அந்த டிரைவர் உங்களை இறக்கிவிட்டு ஜெனீவாவில் வந்திறங்கும் இன்னொரு குடும்பத்தை மேலே கொண்டுவர வேண்டும். சனிக்கிழமையில் ஒருவருக்கு இரண்டு மூன்று ஓட்டம் இருக்கும்.

முதல் 36 கிலோமீட்டர் இறக்கம். 2,300 மீட்டரிலிருந்து லெ மெனுயிர், சான்-மார்த்தான் வழியாகச் சுமார் 500 மீட்டர் உயரத்திலுள்ள மூத்தியே வரை வளைவுகள். வாந்தி வருகிறவர்கள் முன்னிருக்கையைக் கேட்டு வாங்குங்கள், காலையில் பாலும் காபியும் வேண்டாம். இஞ்சி மரப்பா கையில் இருந்தால் அதைவிட நல்லது வேறில்லை. காதடைப்புக்குக் கொட்டாவி விட்டால் போதும். குழந்தைக்குப் பால் புட்டி கொடுங்கள்.

ஆல்பர்வில்லுக்குப் பிறகு டிரைவருக்கு இரண்டு வழி. ஒன்று, யூஜீன், ஃபவெர்ஜ் வழியாக அன்சி ஏரியின் மேற்குக் கரையோரம். தூரம் குறைவு, டோல் கிடையாது, ஆனால் கரையோரக் கிராமங்களில் சனிக்கிழமை நகராது. மற்றது ஷாம்பெரி வழியாக மோட்டார்வேயில் சுற்றிப் போவது. 40 கிலோமீட்டருக்கு மேல் அதிகம், டோலும் உண்டு. நெரிசலில் இதுதான் வேகம். மூன்றாவதாக, ஆர்லி மலையிடுக்கு வழியாக மெஜேவ் போகும் சாலை வரைபடத்தில் அழகாகத் தெரியும். பாறைச் சரிவால் அடிக்கடி மூடப்படுவது அது. முடிவை டிரைவரிடம் விடுங்கள். உங்கள் போனில் இருக்கும் வரைபடம் காட்டும் நீலக்கோட்டை அவரிடம் நீட்டாதீர்கள். அவருக்குச் சக டிரைவர்களின் வாட்ஸ்அப் குழு இருக்கிறது.

இரண்டு வழிகளும் அன்சிக்கு அருகில் சேர்ந்து ஏ 41 மோட்டார்வேயில் எல்லைக்குப் போகும். 2008 டிசம்பரில் திறந்த இந்தக் கடைசித் துண்டு இல்லாத காலத்தில் அன்சியிலிருந்து ஜெனீவா போவதே தனி வேலையாக இருந்தது.

எல்லையில்

பார்தொனே சுங்கச் சாவடி வழியாகச் சுவிட்சர்லாந்துக்குள் நுழைகிறீர்கள். இரண்டு நாடும் ஒரே விசா செல்லும் ஷெங்கன் நாடுகளுக்குள் இருப்பதால் இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்களுக்குத் தனியாகச் சுவிஸ் விசா தேவையில்லை. ஒற்றை நுழைவு ஷெங்கன் விசாவும் இங்கே செலவழியாது. ஆனால் சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லைக்குள் இல்லை. நிறுத்திப் பார்க்கலாம். ஆளுக்கு ஒரு கிலோ இறைச்சிதான் வரியின்றிக் கொண்டுபோக முடியும் என்பதால் சவுவா மாட்டிறைச்சி, பன்றித் தொத்திறைச்சி என்று அள்ளிவந்தவர்கள் கவனிக்க. பொஃபோர் பாலாடைக்கட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. 2025 முதல் வரியில்லாப் பொருள்களின் மதிப்பு ஆளுக்கு 150 பிராங்க். அதற்கு முன் 300 ஆக இருந்தது. சுவிஸ் மோட்டார்வேக்கான 40 பிராங்க் ஆண்டு வில்லை நிறுவனத்தின் செலவு. அதை உங்களிடம் கேட்டால் விலையை மறுபடியும் படியுங்கள்.

விமான நிலையத்தில்

ஜெனீவாவில் குளிர்கால வார இறுதிகளில் பருவகால விமானங்கள் சிலவற்றுக்கு டெர்மினல் 2இல் செக்-இன் நடக்கும். அது பழைய தனிக் கட்டடம், பிரதான டெர்மினலிலிருந்து கொஞ்சம் தள்ளி. உங்கள் விமானம் எதில் என்று முந்தைய நாளே பார்த்து டிரைவரிடம் சொல்லுங்கள். தவறான வாசலில் இறங்கி ஸ்கீ பையோடு நடப்பது கொடுமை. பிரெஞ்சுப் பகுதி என்று இன்னொரு பக்கம் இருப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிரான்ஸ் பக்கத்தில் வாடகைக் கார் எடுத்தவர்கள் அதைத் தேட வேண்டும். டிரைவர் வைத்து வருகிறவர்களுக்கு அது பொருட்டில்லை.

லண்டனுக்கோ வளைகுடா வழியாக ஊருக்கோ போகிறவர்கள் ஷெங்கனை விட்டு வெளியேறுகிறார்கள். பெட்டி, சோதனை முடிந்த பிறகும் பாஸ்போர்ட் வரிசை பாக்கி. 2025 அக்டோபர் 12இல் தொடங்கிய புதிய நுழைவு-வெளியேற்றப் பதிவு முறையில் குறுகிய காலப் பயணிகளுக்குக் கைரேகையும் முகப்படமும் எடுக்கிறார்கள். பிரான்ஸ், சுவிட்சர்லாந்து குடியிருப்பு அட்டை உள்ளவர்களுக்கு அது கிடையாது. அந்த அட்டையையும் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

டிப்ஸ் கட்டாயமில்லை. மோசமான நாளில் நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்த்தவருக்குப் பத்து, இருபது யூரோ கொடுப்பது வழக்கம்.

வேனிலிருந்து இறங்கியதும் வாசலிலேயே பைகளை எண்ணுங்கள். இருக்கை இடுக்கு, குழந்தை இருக்கைக்குக் கீழே, முன்கதவுப் பை மூன்றையும் கையால் தடவிப் பாருங்கள். கண்ணாடியும் போனும் விட்டுப்போவது அங்கேதான். போனையே விட்டுவிட்டால், கூட வந்தவர் போனிலிருந்து டிரைவரை உடனே அழையுங்கள். அவர் அடுத்த குடும்பத்தோடு மலையேறத் தொடங்கிவிட்டால் உங்கள் போன் அன்றைக்கு வால் தொரான்ஸில்தான் இருக்கும். பிறகு கூரியரில் வரவழைக்க வேண்டியிருக்கும்.